ஆர் பேக்கேஜுக்குள் சி: வாசகர் கேள்வி பதில்

புள்ளியியல் கணக்கீட்டுக்கான ஆர் மொழியில் பேக்கேஜ் (நிரல் தொகுப்பு) எழுதி, வேகம் போதாமல் சி மொழிப் பக்கம் போகிறவர்களிடமிருந்து இந்த முறை நிறைய கேள்விகள். பெரும்பாலானவை ஒன்றோடொன்று தொடர்புள்ளவை என்பதால் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஆரின் எஸ்3 முறையில் கிளாஸ் வைத்து ஒரு பேக்கேஜ் எழுதியிருக்கிறேன். பத்து லட்சம் பதிவுகள் வந்தால் நகரவே மாட்டேன் என்கிறது. மெத்தட் டிஸ்பாட்ச்தான் காரணம், எல்லாவற்றையும் சி-யில் எழுதிவிடு என்கிறார் உடன் வேலை செய்பவர். அப்படிச் செய்யலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். டிஸ்பாட்ச், அதாவது ஆப்ஜெக்டின் கிளாஸுக்கு ஏற்ற ஃபங்ஷனை (அதுதான் மெத்தட்) ஆர் தேர்ந்தெடுப்பது, உள்ளே எப்படித்தான் நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். நீங்கள் சம்மரி என்று கூப்பிடுகிறீர்கள். அந்த ஃபங்ஷனுக்குள் யூஸ்மெத்தட் என்ற ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. அது முதல் ஆர்க்யுமென்டை மதிப்பிட்டு அதன் கிளாஸ் பெயர்களை எடுக்கிறது. ஒவ்வொரு பெயராக எடுத்து, முன்னால் சம்மரி, நடுவில் ஒரு புள்ளி, பின்னால் கிளாஸ் பெயர் என்று ஒட்டி, அந்தப் பெயரில் ஃபங்ஷன் ஏதாவது இருக்கிறதா என்று கூப்பிட்ட இடத்திலிருந்து தேடிக்கொண்டு போகிறது. அங்கே இல்லையென்றால் மெத்தட்களைப் பதிந்து வைத்திருக்கும் அட்டவணையைப் பார்க்கிறது. எந்தப் பெயருக்கும் கிடைக்காவிட்டால் டிஃபால்ட். கிடைத்த மெத்தட்டை அதே ஆர்க்யுமென்ட்களோடு ஓட்டுகிறது. இவ்வளவுக்கும் இன்றைய கணினியில் ஏறக்குறைய ஒரு மைக்ரோசெகண்ட் ஆகும், கிளாஸ் பட்டியல் நீளமாக இருந்தால் இன்னும் கொஞ்சம்.

ஒரு தடவைக்கு இது ஒன்றுமே இல்லை. பத்து லட்சம் தடவை நடந்தாலும் ஒரு விநாடி அளவில்தான் வரும். ஆகவே உங்கள் நிரல் பல நிமிடம் ஓடுகிறது என்றால் குற்றவாளி டிஸ்பாட்ச் இல்லை, டிஸ்பாட்ச் கொண்டுபோய் நிறுத்துகிற மெத்தட். டேட்டா ஃபிரேமில் (ஆரின் அட்டவணை வடிவத் தரவு) லூப் போட்டு ஒவ்வொரு வரிசையாக மதிப்பு எழுதுகிறவர்கள் இதை அடிக்கடி சந்திக்கிறார்கள். சதுர அடைப்புக்குறி போட்டு ஒரே ஒரு கட்டத்தை மாற்றுகிறீர்கள், பார்க்கச் சின்ன வேலை; ஆனால் அந்த அடைப்புக்குறிக்குப் பின்னால் டேட்டா ஃபிரேமுக்கான மெத்தட் ஓடுகிறது, அது முழுக்க முழுக்க ஆரிலேயே எழுதப்பட்ட, இருநூறு வரிகளுக்கு மேல் நீளமான ஃபங்ஷன். வரிசைப் பெயர் சரியா, நெடுவரிசை இருக்கிறதா, மதிப்பின் நீளம் பொருந்துகிறதா என்று ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் முதலிலிருந்து சரிபார்க்கிறது. பத்து லட்சம் தடவை சரிபார்த்தால் நகராமல்தான் நிற்கும்.

இதற்கு வைத்தியம் சி கூட இல்லை. லூப்புக்கு வெளியே வேண்டிய நெடுவரிசையைச் சாதாரண வெக்டாராக (ஒரே வகை மதிப்புகளின் தொடர்) எடுத்துக்கொள்ளுங்கள், லூப்பில் அந்த வெக்டாரில் எழுதுங்கள், முடிந்தபின் ஒரே தடவையில் டேட்டா ஃபிரேமுக்குள் திருப்பி வையுங்கள். படிப்பதற்கு மட்டும் என்றால் டாட்-சப்செட்2 என்ற ஃபங்ஷன் இருக்கிறது, டிஸ்பாட்ச் இல்லாமல் நேராக உறுப்பை எடுத்துக் கொடுக்கும். உங்கள் சொந்தக் கிளாஸ் என்றால் லூப்புக்கு முன்னால் அன்கிளாஸ் செய்து கிளாஸைக் கழற்றிக்கொள்ளலாம். ஏன் இது இவ்வளவு பலன் தருகிறது என்றால், ஒவ்வொரு ஆர் ஆப்ஜெக்டின் தலைப்பகுதியிலும் இதற்குக் கிளாஸ் உண்டா என்று சொல்கிற ஒரு பிட் இருக்கிறது. அடைப்புக்குறி, லெங்த், கூட்டல் போன்ற உள்ளமைந்த செயல்கள் முதலில் அந்த பிட்டைத்தான் பார்க்கும். அது அணைந்திருந்தால் மெத்தட் தேடுகிற பேச்சே இல்லை, நேராகச் சி நிரலுக்குள் போய்விடும். 2017-இல் வந்த ஆர் 3.4.0 முதல் ஆர் நிரலை வேகமாக ஓடும் வடிவுக்கு மாற்றும் பைட்கோட் கம்பைலர் தானாகவே வேலை செய்வதால், கிளாஸ் இல்லாத வெக்டாரின் மேல் ஓடும் சாதாரண ஆர் லூப் பலர் நினைப்பதைவிட வேகமானது.

இதைச் செய்துவிட்டு ஆர்ப்ராஃப் போட்டு நேரம் எங்கே போகிறது என்று அளந்து பாருங்கள். அப்போதும் ஒரு குறிப்பிட்ட கணக்கீடுதான் நேரத்தைத் தின்கிறது என்று தெரிந்தால், அந்தக் கணக்கீட்டை மட்டும் சி-க்குக் கொண்டுபோங்கள். கிளாஸ், மெத்தட், பிழைச் செய்தி எல்லாம் ஆரிலேயே இருக்கட்டும்.

கேள்வி: என் சி ஃபங்ஷனுக்கு ஒரு நேரப் பட்டியலை அனுப்பினால் நீளம் 11 என்று வருகிறது. ஆரில் லெங்த் போட்டால் 500 என்று சரியாக வருகிறது. இன்னொரு இடத்தில் நேர வித்தியாசங்களைக் கூட்டினால் சில நாள் தரவுக்குச் சரியாகவும் சில நாள் தரவுக்குத் தப்பாகவும் வருகிறது. சி-யில் ஏதாவது பிழையா?

பதில்: சி-யில் பிழை இல்லை. ஆனால் இந்தக் கேள்வியை அனுப்பியதற்கு நன்றி, ஏனென்றால் வேகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் மிகக் குறைவாகக் கவனிக்கிற விஷயம் இதுதான். சி-க்குள் நுழைந்த கணமே டிஸ்பாட்ச் நின்றுவிடுகிறது. கிளாஸ் ஆட்ரிப்யூட் (ஆப்ஜெக்டோடு சேர்த்து வைக்கும் குறிப்பு) ஆப்ஜெக்டிலேயேதான் ஒட்டிக்கொண்டிருக்கும், யாரும் அதைப் பிடுங்கவில்லை. ஆனால் நீங்களாகக் கேட்டால் ஒழிய எந்தச் சி ஃபங்ஷனும் அதைப் பார்க்காது.

உங்கள் முதல் சிக்கல் போசிக்ஸ்-எல்டி என்ற நேரக் கிளாஸ். அது உண்மையில் ஒரு லிஸ்ட்: விநாடி, நிமிடம், மணி, நாள், மாதம், வருடம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வெக்டார். இப்போதைய ஆரில் இப்படி 11 உறுப்புகள், பழைய பதிப்புகளில் சில சமயம் 9. ஆரில் லெங்த் என்று கேட்டால் அந்தக் கிளாஸுக்கான மெத்தட் ஓடி, எத்தனை நேரங்கள் என்று கணக்கிட்டு 500 என்கிறது. சி-யில் லெங்த் என்பது நினைவகத்தில் இருக்கும் லிஸ்டின் நீளத்தை மட்டும் சொல்லும். இரண்டு பதிலும் சரி, கேட்கப்பட்ட கேள்விதான் வேறு. டேட்டா ஃபிரேமை அனுப்பினாலும் இதே கதைதான், நெடுவரிசைகளின் எண்ணிக்கை வரும். வரிசைகளின் எண்ணிக்கைக்கு ரோ-நேம்ஸ் ஆட்ரிப்யூட்டைத் தொட்டீர்களானால், அது பெரும்பாலும் சுருக்க வடிவில், ஒரு என்ஏ-யும் (மதிப்பு இல்லை என்ற குறி) அதன் பக்கத்தில் மைனஸ் போட்ட எண்ணிக்கையுமாகச் சேமித்து வைக்கப்பட்டிருக்கும். அதனால் அங்கேயும் நேரடியாகக் கை வைக்காமல் ஆர் பக்கத்திலேயே என்ரோ கேட்டு, அந்த எண்ணைத் தனி ஆர்க்யுமென்டாக அனுப்புவதுதான் நல்லது.

இரண்டாவது சிக்கல் இதைவிடக் கெட்டது, ஏனென்றால் பிழைச் செய்தியே வராது. இரண்டு நேரங்களைக் கழித்தால் டிஃப்டைம் கிளாஸில் விடை வருகிறது. அதற்கு அலகு என்று ஒரு ஆட்ரிப்யூட் உண்டு, அதை ஆர் தானாகவே தேர்ந்தெடுக்கிறது. இடைவெளிகள் எல்லாம் மணிக்கணக்கில் இருந்தால் ஒன்றரை மணி நேரம் 1.5 என்று சேமிக்கப்படும். அதே பட்டியலில் பத்து நிமிட இடைவெளி ஒன்று சேர்ந்துவிட்டால் மொத்தமும் நிமிடத்துக்கு மாறி, அதே ஒன்றரை மணி நேரம் 90 ஆகிவிடும். உங்கள் சி ஃபங்ஷன் வெறும் டபுள் (தசம எண் வகை) எண்களைப் பார்த்துக் கூட்டுகிறது. ஒரு நாள் மணிகளைக் கூட்டியது, மறுநாள் நிமிடங்களைக் கூட்டியது. ஆர் பக்கத்தில் அனுப்புமுன் ஆஸ்-நியூமெரிக் போடும்போது அலகு விநாடி என்று சொல்லிவிடுங்கள், தீர்ந்தது.

இதே வகையில் இன்னும் சில உண்டு. வகைப்பாட்டுத் தரவுக்கான ஃபேக்டர் என்பது உள்ளே வெறும் இன்டீஜர் (முழு எண்) குறியீடு. 10, 20, 30 என்ற லெவல்கள் உள்ள ஃபேக்டரை அப்படியே கூட்டினால் 60 வராது, 6 வரும். இதில் ஆஸ்-நியூமெரிக் கூடக் காப்பாற்றாது, அதுவும் குறியீட்டைத்தான் தரும். லெவல்களை எண்ணாக மாற்றி அதில் ஃபேக்டரால் தேர்ந்தெடுக்க வேண்டும். பிட்64 பேக்கேஜின் இன்டீஜர்64 கிளாஸ் இன்னும் விசேஷம்: 64 பிட் முழு எண்ணை டபுள் வெக்டாரின் இடத்தில் வைத்திருக்கிறது. ஆர் பக்கத்தில் 1 என்று தெரிகிற அதே எட்டு பைட்டைச் சி-யில் டபுளாகப் படித்தால், தசமப் புள்ளிக்குப் பின்னால் முந்நூற்றுக்கும் மேல் பூஜ்யங்கள் வருகிற, கிட்டத்தட்ட பூஜ்யமேயான ஓர் எண் கிடைக்கும். பத்தாயிரம் கணக்கு எண்களைக் கூட்டினாலும் விடை கிட்டத்தட்ட பூஜ்யமாகவே வரும், யாரும் காரணம் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

இதனால் நான் பிடிவாதமாகச் சொல்வது ஒன்றுதான். டிஸ்பாட்ச் நடக்க வேண்டிய இடம் எல்லை. ஆரில் எழுதிய ஒரு சின்ன ஃபங்ஷன் வாசலில் நிற்கட்டும். கிளாஸ் என்ன, நீளம் என்ன, அலகு என்ன என்பதையெல்லாம் அது ஒரே ஒரு தடவை முடிவு செய்து, வெறும் டபுளும் இன்டீஜருமாக மாற்றி உள்ளே அனுப்பட்டும். உள்ளே சி ஃபங்ஷன், வந்தது டபுள் வெக்டார்தானா என்று வகையை ஒரு முறை பார்க்கட்டும், ஃபேக்டர் வரக்கூடாது என்றால் அதையும் கேட்கட்டும், அதற்கென்றே ஐஸ்ஃபேக்டர், இன்ஹெரிட்ஸ் போன்ற ஃபங்ஷன்கள் சி பக்கத்திலேயே இருக்கின்றன. இந்தச் சோதனைகளுக்கு ஆகும் நேரம் ஓர் அழைப்புக்கு ஒரு தடவைதான், கணக்கிலேயே வராது. இதை மிச்சம் பிடிக்கிறேன் என்று எடுத்துவிடுகிறவர்களுக்குக் கிடைப்பது வேகம் அல்ல, தப்பான விடை.

கேள்வி: அப்படியென்றால் சி-க்குள்ளிருந்தே லெங்த்தையும் அடைப்புக்குறியையும் டிஸ்பாட்ச் செய்ய வைக்க முடியாதா?

பதில்: முடியும். லெங்த் என்ற பெயரையும் ஆப்ஜெக்டையும் சேர்த்து ஓர் ஆர் அழைப்பைக் கட்டி, எவால் ஃபங்ஷனிடம் கொடுத்தால் ஆரில் எழுதியது போலவே மெத்தட் தேடி ஓட்டும். ஆரின் சொந்த நிரலிலும் எம்அப்ளை போன்ற இடங்களில் நீளத்தையும் உறுப்பையும் டிஸ்பாட்ச் செய்துதான் எடுக்கிறார்கள், யார் எந்தக் கிளாஸைக் கொண்டுவந்து கொடுப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அதனால் நீளத்தை வேண்டுமானால் இப்படி ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள், லூப்புக்குள் ஒவ்வோர் உறுப்பையும் இப்படி எடுத்தால் சி-க்கு வந்ததே வீண்.

கேள்வி: ஆரிலிருந்து சி ஃபங்ஷனைக் கூப்பிடும் டாட்-சி, டாட்-கால், டாட்-எக்ஸ்டர்னல் மூன்றில் எது வேகம்?

பதில்: டாட்-கால். டாட்-சி எல்லா ஆர்க்யுமென்டையும் நகலெடுத்துத்தான் அனுப்பும். முன்பு நகல் வேண்டாம் என்று சொல்ல ஒரு வழி இருந்தது, ஆர் 3.1.0 முதல் அதையும் கண்டுகொள்வதில்லை. பத்து லட்சம் டபுள் என்றால் 8 எம்பி, ஒவ்வொரு அழைப்புக்கும். டாட்-கால் ஆர் ஆப்ஜெக்டின் பாயின்டரை (நினைவக முகவரி) அப்படியே தருகிறது, நகல் கிடையாது. டாட்-எக்ஸ்டர்னல் ஆர்க்யுமென்ட் எண்ணிக்கை மாறிக்கொண்டே இருக்கும் ஃபங்ஷன்களுக்கு மட்டும் தேவைப்படும்.

நகல் இல்லை என்பதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. வந்த வெக்டாரிலேயே எழுதினால் கூப்பிட்டவருடைய மாறியும் மாறிவிடும், அதே மதிப்பைச் சுட்டிக்கொண்டிருக்கிற வேறு பெயர்கள் இருந்தால் அவையும் மாறும். விடைக்குப் புது வெக்டார் ஒதுக்குங்கள்.

இன்னொன்று, சி ஃபங்ஷனின் பெயரை மேற்கோள் குறிக்குள் எழுத்தாகக் கொடுக்காதீர்கள். எழுத்தாகக் கொடுத்தால் ஒவ்வொரு அழைப்பிலும் அந்தப் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பேக்கேஜ் ஏறும்போதே ஃபங்ஷன்களைப் பதிவு செய்து, நேம்ஸ்பேஸ் கோப்பில் பதிவு உண்டு என்று குறிப்பிட்டால், பெயர் ஏற்கெனவே முகவரியோடு பிணைந்திருக்கும். எத்தனை ஆர்க்யுமென்ட் என்பதையும் ஆரே சரிபார்க்கும். சின்ன ஃபங்ஷனை லட்சக்கணக்கில் கூப்பிடுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

கேள்வி: சி-யில் லூப் எழுதியும் எதிர்பார்த்த வேகம் இல்லை. லூப்புக்குள் இருப்பது ஒரே ஒரு பெருக்கல், அவ்வளவுதான். ஆர் வெக்டாரின் ஐ-ஆவது உறுப்பை எடுக்க ரியல் என்பதை ஒவ்வொரு சுற்றிலும் எழுதியிருக்கிறேன். அதனால் இருக்குமா?

பதில்: அதனாலேயேதான். பெரிய எழுத்தில் இருப்பதால் ரியல் ஒரு மேக்ரோ (கம்பைல் ஆகுமுன் நேரடி நிரலாக விரியும் சுருக்கம்) என்று பலர் நினைக்கிறார்கள். பேக்கேஜ் நிரலைப் பொறுத்தவரை அது ஒரு முழு ஃபங்ஷன் அழைப்பு, வகையைச் சரிபார்த்து, இது எந்த விதமான வெக்டார் என்று பார்த்துத்தான் முகவரியைத் திருப்பும். அது உள்ளே என்ன செய்யும் என்று சி கம்பைலருக்குத் தெரியாததால், லூப்புக்கு வெளியே அதைத் தூக்கிப் போடவும் முடியாது, நான்கைந்து பெருக்கலை ஒரே கட்டளையில் சேர்த்துச் செய்யவும் முடியாது. லூப்புக்கு முன்னால் ஒரே தடவை ரியல் கூப்பிட்டு, டபுள் பாயின்டரில் வைத்துக்கொண்டு, அதில் சுற்றுங்கள். படிக்க மட்டும் என்றால் மாற்ற முடியாத பாயின்டர் தரும் வடிவம் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

வெக்டார்களில் என்ன விதங்கள் என்று அடுத்துக் கேட்பீர்கள். 2018-இல் வந்த 3.5.0-இல் ஆல்ட்ரெப் என்ற ஏற்பாடு சேர்ந்தது. ஒன்றிலிருந்து நூறு கோடி வரை என்று எழுதிப் பாருங்கள், கண் இமைக்குமுன் வந்துவிடும், ஏனென்றால் ஆர் அந்த எண்களை எழுதவே இல்லை, தொடக்கமும் நீளமும் படியும் மட்டும் குறித்துக்கொண்டது. ஐந்தாவது உறுப்பு என்ன என்று கேட்டால் கணக்கிட்டுச் சொல்லும். சுவையான விஷயம் என்னவென்றால் இதுவும் டிஸ்பாட்ச்தான். ஒவ்வோர் ஆல்ட்ரெப் கிளாஸுக்கும் நீளம் சொல்ல, ஓர் உறுப்பைத் தர, ஒரு துண்டை நிரப்ப, முழு முகவரியைத் தர என்று சி ஃபங்ஷன் பாயின்டர்களின் அட்டவணை ஒன்று இருக்கிறது. ஆர் அந்த அட்டவணை வழியாகக் கூப்பிடுகிறது. எஸ்3 போலப் பெயரை ஒட்டித் தேடுவதெல்லாம் இல்லை, ஒரு பாயின்டர் தாவல், அவ்வளவுதான். உங்கள் சொந்த வெக்டாரையும், உதாரணமாக வட்டிலிருக்கும் ஒரு கோப்பை, இப்படி ஆர் வெக்டாராகக் காட்டலாம். அதைப் பெறுகிறவருக்கு வித்தியாசமே தெரியாது.

ஆனால் அந்த நூறு கோடி எண்களின் மேல் நீங்கள் இன்டீஜர் என்ற ஃபங்ஷனால் (முழு எண்களுக்கான ரியல்) முகவரி கேட்ட நொடியில், ஆர் வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் விரித்து எழுதும். உறுப்புக்கு 4 பைட், 4 ஜிபி போய்விட்டது, அந்த ஆப்ஜெக்ட் இருக்கும்வரை திரும்பியும் வராது. இப்படிப் பெரிய வரிசைகள் வர வாய்ப்பிருந்தால், ஆயிரம் உறுப்பு கொள்ளும் ஒரு சின்ன இடையகம் வைத்து, துண்டு துண்டாக வாங்கிக் கணக்கிடுவதற்கு கெட்-ரீஜியன் என்று முடியும் ஃபங்ஷன்கள் இருக்கின்றன. சாதாரண வெக்டாருக்கும் அவை வேலை செய்யும்.

கேள்வி: பயனர் தருகிற ஆர் ஃபங்ஷனைச் சி-யிலிருந்து திரும்பத் திரும்பக் கூப்பிட்டு உகந்த மதிப்பைத் தேடும் நிரல் எழுதினேன். ஆரில் எழுதியதைவிடப் பெரிதாக வேகம் இல்லை. போதாததற்கு, பயனரின் ஃபங்ஷன் தனக்கு வந்த மதிப்புகளை ஒரு லிஸ்டில் சேர்த்து வைத்தால் எல்லாம் ஒரே மதிப்பாக இருக்கின்றன.

பதில்: வேகம் வராததற்குக் காரணம், நேரமெல்லாம் பயனரின் ஃபங்ஷனுக்குள் போகிறது. அது ஆரில்தான் ஓடுகிறது. சுற்றி இருக்கும் லூப் சி-யில் இருந்தால் என்ன, ஆரில் இருந்தால் என்ன. அழைப்பைக் கட்டும் வேலையை லூப்புக்கு வெளியே வைத்து உள்ளே ஆர்க்யுமென்டை மட்டும் மாற்றினால் கொஞ்சம் மிச்சமாகும், அவ்வளவுதான் எதிர்பார்க்கலாம்.

எல்லாம் ஒரே மதிப்பாக இருப்பதுதான் கவலைக்குரியது. ஒரே வெக்டாரை ஒதுக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு சுற்றிலும் அதற்குள்ளேயே புது எண்ணை எழுதி அனுப்புகிறீர்கள், சரியா? பயனர் அதைத் தன் லிஸ்டில் வைத்தபோது ஆர் நகலெடுக்கவில்லை, அதே வெக்டாரைச் சுட்டிக்கொண்டது. மாற்றம் வந்தால் அப்போது நகலெடுக்கலாம் என்பது ஆரின் ஏற்பாடு. நீங்கள் சி-யில் மாற்றியது ஆருக்குத் தெரியாது. லிஸ்டில் இருக்கும் எல்லா உறுப்புகளும் உங்கள் ஒரே வெக்டார்தான், அதில் கடைசியாக எழுதிய மதிப்பு எல்லா இடத்திலும் தெரிகிறது. ஆரோடு வரும் என்எல்மின்பி-யின் சி நிரலிலேயே, கூப்பிடப்பட்ட ஃபங்ஷன் மதிப்பைச் சேமித்திருக்கக்கூடும் என்ற குறிப்போடு, ஒவ்வொரு சுற்றிலும் நகலெடுக்கும் வரி இருக்கிறது. நீங்களும் ஒவ்வொரு அழைப்புக்கும் புது வெக்டார் ஒதுக்குங்கள், அல்லது வேறு யாரும் சுட்டுகிறார்களா என்று கேட்டுவிட்டு அப்போது மட்டும் நகலெடுங்கள். 2020-இல் வந்த 4.0.0 முதல் ஆர் சுட்டல்களைச் சரியாக எண்ணிக்கொண்டு வருவதால் அந்தக் கேள்விக்கு முன்பைவிட நம்பகமான பதில் கிடைக்கிறது.

கேள்வி: எஸ்4 மெதுவானது, பக்கமே போகாதே என்கிறார்கள். உண்மையா?

பதில்: பாதி. எஸ் மொழி 1976-இல் பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்ஸும் உடன் இருந்தவர்களும் தொடங்கியது. ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய ஆர் அந்த மொழியைப் பின்பற்றியதால், எஸ்-இன் மூன்றாம், நான்காம் பதிப்புகளின் கிளாஸ் முறைகள் எஸ்3, எஸ்4 என்ற பெயரிலேயே வந்து சேர்ந்தன. எஸ்3 பொதுவாக முதல் ஆர்க்யுமென்டை மட்டும் பார்க்கிறது. எஸ்4 பல ஆர்க்யுமென்ட்களின் கிளாஸைச் சேர்த்துப் பார்த்து மெத்தட்டைத் தேர்ந்தெடுக்கிறது. பெரும்பாலும் பூஜ்யங்களே உள்ள ஐதான அணியை அடர்ந்த அணியால் பெருக்குவது போன்ற வேலைக்கு இது மிகப் பொருத்தம், மேட்ரிக்ஸ் பேக்கேஜ் முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

நேரடி மெத்தட் இல்லாதபோது முதல் அழைப்பில் பரம்பரை வழியாகத் தேட வேண்டும், அது மெதுவு. ஆனால் கண்டுபிடித்ததை அந்த ஜெனரிக்கின் (டிஸ்பாட்ச் செய்யும் பொது ஃபங்ஷன்) அட்டவணையில் போட்டு வைத்துக்கொள்ளும், அடுத்த முறை நேராக எடுக்கும். உண்மையில் நேரம் போவது நியூ என்று புது ஆப்ஜெக்ட் உருவாக்கும்போது: இனிஷியலைஸ் ஓடும், பிறகு ஸ்லாட்டுகள் (ஆப்ஜெக்டின் பெயரிட்ட பகுதிகள்) செல்லுமா என்ற சோதனை ஓடும். லூப்புக்குள் ஆயிரக்கணக்கில் குட்டி எஸ்4 ஆப்ஜெக்டுகளை உருவாக்காமல், ஒரே ஆப்ஜெக்டின் ஸ்லாட்டில் வெக்டாராக வைத்தால் புகாரில் பெரும்பகுதி போய்விடும். சி-யிலிருந்து உருவாக்கினால் இனிஷியலைஸும் ஓடாது, சோதனையும் ஓடாது. வேகம்தான், ஆனால் ஸ்லாட்டுகள் சரியாக இருப்பது உங்கள் பொறுப்பாகிவிடுகிறது.

கேள்வி: சி-யில் உருவாக்கித் திருப்பிய ஆப்ஜெக்டுக்கு என் பிரின்ட் மெத்தட் ஓடவில்லை. கிளாஸ் ஆட்ரிப்யூட் இருக்கிறது, கண்ணால் பார்த்தேன்.

பதில்: முதல் பதிலில் சொன்ன பிட் நினைவிருக்கிறதா? ஆட்ரிப்யூட் பட்டியலை மொத்தமாகத் தூக்கி வைத்திருந்தால் கிளாஸ் இருக்கும், பிட் எரிந்திருக்காது; ஆர் அதைச் சாதாரண வெக்டாராகவே நினைத்து அச்சிடும். கிளாஸை எப்போதும் செட்-ஆட்ரிப் வழியாகவே வையுங்கள், அது பிட்டையும் சேர்த்துப் போடும். அதுவும் சரியாக இருந்தால் நேம்ஸ்பேஸ் கோப்பைப் பாருங்கள், மெத்தட்டை எஸ்3மெத்தட் என்று பதிவு செய்யாமல் விட்டிருப்பீர்கள்.

கேள்வி: சி-யில் உருவாக்கிய ஆப்ஜெக்ட் நினைவகத்திலிருந்து அழியாமல் காக்க ப்ரொடெக்ட் போடுவதால் வேகம் குறையுமா? சில இடங்களில் எடுத்துவிட்டேன், நன்றாகத்தான் ஓடுகிறது.

பதில்: குறையாது, ஓர் அடுக்கில் ஒரு பாயின்டரை வைக்கும் வேலைதான். எடுத்த இடங்களில் எல்லாம் திரும்பப் போடுங்கள். பயன்படாத ஆப்ஜெக்டுகளை நினைவகத்திலிருந்து நீக்கும் குப்பை சேகரிப்பான் எப்போது ஓடும் என்பது அந்தந்த நேரத்து நினைவகத்தைப் பொறுத்தது. இன்று ஓடாததால் நன்றாக இருக்கிறது, பயனரின் பெரிய தரவில் நடுவழியில் ஓடும், நீங்கள் கட்டிக்கொண்டிருந்த வெக்டார் போய்விடும். ஜிசி-டார்ச்சர் என்று ஆரிலேயே ஒன்று இருக்கிறது, அதைப் போட்டால் ஏறக்குறைய ஒவ்வோர் ஒதுக்கீட்டிலும் சேகரிப்பானை ஓடவைக்கும்; நிரல் ஆமை வேகத்தில் போகும், ஆனால் விட்டுப்போன ப்ரொடெக்ட் பெரும்பாலும் அப்போதே மாட்டிக்கொள்ளும். வெளியிடுமுன் சின்னத் தரவில் ஒரு முறை இப்படி ஓட்டிவிடுங்கள்.

கேள்வி: இவ்வளவு தொல்லைக்கு ஆரையும் சி பிளஸ் பிளஸையும் இணைக்கும் ஆர்சிபிபி பேக்கேஜைப் பயன்படுத்தி சி பிளஸ் பிளஸில் எழுதிவிட்டால் எல்லாம் தீருமா?

பதில்: ப்ரொடெக்ட் கவலை தீரும், மாற்றும் நிரலும் சுருங்கும், நல்ல கருவி. கிளாஸ் விஷயத்தில் மட்டும் ஒன்றும் மாறாது. டிஃப்டைமை நியூமெரிக்-வெக்டாராக வாங்கினால் அங்கேயும் அலகை யாரும் பார்க்க மாட்டார்கள். வேகத்தில் ஒன்றைக் கவனியுங்கள்: நியூமெரிக்-வெக்டார் என்று அறிவித்த ஆர்க்யுமென்டுக்கு டபுள் வெக்டார் வந்தால் நகல் இல்லை, பயனரின் நினைவகத்தையே தொடுகிறீர்கள், இன்டீஜர் வெக்டார் வந்தால் ஓசையில்லாமல் முழு நகல் எடுக்கப்படுகிறது. ஆகவே அதற்குள் எழுதினால் ஒரு பயனருக்கு அவருடைய தரவு மாறும், இன்னொருவருக்கு மாறாது. எழுத வேண்டுமென்றால் குளோன் (தனி நகல்) செய்துகொண்டு எழுதுங்கள்.